ஏஜியன் கரையில் – 9: கிண்ணம் பேசிய எழுத்து

நேபிள்ஸ் விரிகுடாவை ஒட்டி இஸ்கியா என்றொரு தீவு. அங்கே லாக்கோ அமேனோ ஊர் அருங்காட்சியகத்தில் பத்து சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு மண்கிண்ணத்தைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 1954இல் ஜோர்ஜோ புக்னர் ஓர் ஈமக்குழியிலிருந்து சில்லுசில்லாக எடுத்தது. ஒட்டிய பிறகும் சில இடங்கள் பொத்தலாகவே நிற்கின்றன. இரண்டு பக்கமும் காது, மேலே கோலம் போன்ற கட்டங்கள். சூளையில் வெந்து, ஏஜியன் கடலின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலேறி வந்த பிறகு, யாரோ ஒருவர் கூரிய முனையால் அதன் பக்கத்தில் மூன்று வரி கீறியிருக்கிறார். வரிகள் வலமிருந்து இடமாக ஓடுகின்றன. சொற்களுக்கு நடுவே புள்ளிகள். பாட்டின் ஓர் அடி முடிந்ததும் அடுத்த அடி புது வரியில் தொடங்குகிறது. காலம் கி.மு. 730ஐ ஒட்டியது. சேதி இதுதான்: இது நெஸ்டரின் கிண்ணம், இதில் குடித்தவரைக் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி அப்போதே பிடித்துக்கொள்வாள். கதைகளில் வரும் நெஸ்டர் கிழட்டு அரசர். இலியத்தில் அவருடைய கிண்ணம் பொன் குமிழ் பதித்தது, நிரப்பி வைத்தால் மற்றவர்கள் மேசையிலிருந்து அசைக்கவே திணறுவது. இந்த மண்கிண்ணத்தையோ இரண்டு விரலால் தூக்கிவிடலாம். கேலி என்றே பெரும்பாலான அறிஞர்கள் இதைப் படிக்கிறார்கள்; எனக்கும் அப்படித்தான் படுகிறது. கிரேக்கர் எழுதப் பழகிய முதல் சில தலைமுறைகளுக்குள்ளேயே ஒருவர் எழுத்தை விருந்து வேடிக்கைக்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சொல்ல வருவது முழுவதும் அந்த ஒரு செய்தியைச் சுற்றியே.

சென்ற இதழில் மைசீனிய அரண்மனைகளின் லீனியர் பி எழுத்தைப் பார்த்தோம். மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் முடிச்சவிழ்த்த அந்த எழுத்தில் ஏறக்குறைய 90 அசைக்குறிகள். அவற்றைக் கொண்டு எழுதியதெல்லாம் ஆட்டு மந்தை, கம்பளி, எண்ணெய், தேர்ச்சக்கரம், யாருக்கு எவ்வளவு தானியம் என்ற பட்டியல்கள். கி.மு. 1200 வாக்கில் அரண்மனைகள் எரிந்தன; கணக்கர்களுக்கு வேலை போயிற்று; அவர்களோடு எழுத்தும் போயிற்று. கிரேக்க நிலத்தில் அதைத் தேடி அழுதவர் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் அது ஊருக்கு உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. அடுத்த நானூறு ஆண்டுகள் பெருநிலமும் தீவுகளும் எழுத்தில்லாமலே வாழ்ந்தன. சைப்ரஸ் மட்டும் விலக்கு. அதைப் பிறகு பார்ப்போம்.

புதிய எழுத்து எங்கிருந்து வந்தது என்பதில் சண்டை இல்லை. லெபனான் கரையோரத்துப் பினீசியர்களிடமிருந்து. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்ற பெயர்களுக்குக் கிரேக்க மொழியில் எந்தப் பொருளும் கிடையாது; பினீசிய மொழியில் முதலெழுத்து அலெப் என்றால் எருது, இரண்டாவது பெத் என்றால் வீடு. எழுத்துகளின் வரிசை அதே வரிசை. பழைய வடிவங்கள் ஏறக்குறைய அதே வடிவங்கள். வலமிருந்து இடமாக எழுதும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது. பெயர்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆ’ ஓசையைக் காட்டி, இது அரமேயரிடம் கற்றது என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனால் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதைக் கிரேக்க மொழி விரும்பாது. நாம் ‘பேங்க்’ என்பதை ‘பேங்கு’ ஆக்கிக்கொள்வதைப் போல அவர்கள் ‘அலெப்’பை ‘ஆல்ஃபா’ ஆக்கிக்கொண்டார்கள் என்றால் போதும். ஹெரடோட்டஸ் இந்த எழுத்துகளைப் ‘பினீசியவை’ என்றே அழைப்பார்கள் என்று எழுதிவைத்தார். கத்முஸ் என்ற பழங்கதை வீரர் கொண்டுவந்தார் என்று அவர் சேர்த்தது கதை, எழுத்தின் பெயரோ கதையல்ல. கிரீட் தீவில் கிடைத்த, கி.மு. 500ஐ ஒட்டிய வெண்கலத் தகடு ஒன்றில் ஸ்பென்சிதியோஸ் என்பவரை ஊர் எழுத்தராக நியமிக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அவருடைய வேலையைச் சொல்லும் வினைச்சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘பினீசியம் செய்தல்’. கடன் வாங்கி முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் கடன்காரரின் பெயர் அந்த வினைச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடன் வாங்கியதில் ஒரு மாற்றம். பினீசிய எழுத்துகள் 22, அத்தனையும் மெய். உயிருக்கு ஓர் எழுத்துகூட இல்லை. இது எவ்வளவு பெரிய குறை என்று தமிழ் படிப்பவருக்கு உடனே உறைக்கும். ‘க்ல்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது கல்லா, காலா, கோலா, கொல்லா, கூலியா? பினீசியருக்கு இது அவ்வளவு தொல்லையாக இல்லை. அவர்களுடைய மொழிக் குடும்பத்தில் பொருளைச் சுமப்பது மெய்களின் எலும்புக்கூடு. நடுவே மாறும் உயிரை மொழி தெரிந்தவர் தாமே நிரப்பிக்கொள்வார். சொல்லும் எப்போதும் மெய்யில்தான் தொடங்கும். கிரேக்கத்தில் உயிரில் தொடங்கும் சொல் ஏராளம், உயிரும் உயிரும் அடுத்தடுத்து வரும் சொல்லும் ஏராளம். அதனால் அலெப், ஹே, யோத், ஐன் என்ற நான்கு எழுத்துகளும் அ, எ, இ, ஒ ஆயின. வாவ் என்ற எழுத்திலிருந்து உகரம் பிறந்தது.

இதை மேதைமை என்று புகழ்வோர் ஒரு பக்கம். காது செய்த பிழை என்று தள்ளுவோர் மறுபக்கம். பிழைக் கட்சியின் வாதம் வலுவானதுதான். ‘அலெப்’ என்ற பெயரின் முதல் ஒலி தொண்டையில் ஒரு சிறு அடைப்பு. கிரேக்கக் காதுக்கு அது கேட்காது, கேட்பது ‘அ’. எழுத்தின் பெயரிலுள்ள முதல் ஒலியே எழுத்தின் ஒலி என்று சொல்லிக்கொடுத்தால், மாணவர் ‘அ’ என்றே எழுதுவார். யகரத்துக்கும் இகரத்துக்கும், வகரத்துக்கும் உகரத்துக்கும் உள்ள உறவை நாம் விளக்கவே வேண்டாம். உடம்படுமெய் படித்த எவருக்கும் தெரியும். இதுவரை சரி. ஆனால் இந்த விளக்கம் இரண்டு இடங்களில் இடிக்கிறது. ஐன் என்ற பெயரை எவ்வளவு தவறாகக் கேட்டாலும் ‘ஒ’ வருவது கடினம். வாவ் எழுத்தை அவர்கள் இரண்டாக்கினார்கள்: வகர ஒலிக்கு ஒன்றை ஆறாம் இடத்திலேயே விட்டுவிட்டு, உகரத்துக்கு அதன் இன்னொரு வடிவத்தை வரிசையின் கடைசியில், டாவுக்கு அடுத்து வைத்தார்கள். காது பிழை செய்யலாம்; அரிச்சுவடியின் வாலில் புது எழுத்தைச் சேர்ப்பது யோசித்துச் செய்த வேலை. கிரேக்க ஊர்கள் அத்தனையிலும் இந்த ஐந்து உயிர்களும் இதே எழுத்துகளிலிருந்து, இதே முறையில் வருவதால், அந்த யோசனை ஓரிடத்தில் ஒரே முறை நடந்தது என்றும் சொல்லலாம்.

யோசித்தவருக்கு உயிரைத் தனிக்குறியால் எழுதலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும்? இங்கேதான் சைப்ரஸ். அந்தத் தீவில் கிரேக்கம் பேசியவர்கள் பழைய அசையெழுத்தை விடவில்லை. 1979இல் பாலேபாஃபோஸ் ஊரின் ஸ்காலெஸ் கல்லறைத் தொகுதியில் வெண்கல இறைச்சிக்கம்பி ஒன்று கிடைத்தது, கி.மு. 11ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 10ஆம் நூற்றாண்டு. அதில் ஐந்து குறிகள்: ஒ-பெ-லெ-த-உ. ஒஃபெல்தஸ் என்பவருடையது என்று பொருள். முதற்குறியும் கடைசிக்குறியும் தனி உயிர்கள்! பினீசியர் குடியேறி வாழ்ந்த அதே தீவில், உயிருக்குக் குறி வைத்து எழுதும் கிரேக்கர் இருநூறு ஆண்டுகளாக இருந்திருக்கிறார்கள். சைப்ரஸ் வழக்கம் அறிந்த ஒருவர் பினீசிய எழுத்தைக் கற்றபோது ‘ஒ’வுக்கு ஓர் எழுத்து இல்லையே என்று தேடியிருப்பார் என்பது நிரூபணம் அல்ல, ஆனால் தனியொருவரின் மேதைமையையோ வெறும் செவிப்பிழையையோ விட இது எனக்கு நம்பத்தக்கதாக இருக்கிறது. கையில் கிடைத்தது பாதி, காது தந்தது பாதி, மிச்சத்துக்கு ஓர் உள்ளூர்ப் பழக்கம் உதவியது.

எப்போது என்பது நீண்ட வழக்கு. ரைஸ் கார்ப்பென்டர் 1933இல் எழுத்து வடிவங்களை ஒப்பிட்டுக் கி.மு. 700ஐ ஒட்டி என்றார். யோசெஃப் நாவே 1973இல் அதே வடிவங்களைப் பார்த்துவிட்டுக் கி.மு. 11ஆம் நூற்றாண்டு என்றார். பழைய கிரேக்க எழுத்தின் நிலையற்ற திசையும் சாயலும் பினீசிய எழுத்து இறுகுவதற்கு முந்தைய நிலையைக் காட்டுகின்றன என்பது அவர் வாதம். வடிவத்தை மட்டும் வைத்து வழக்காடினால் முந்நூறு ஆண்டு இடைவெளி விழும் என்பதற்கு இவ்விருவரே சாட்சி. மண் சொல்வது வேறு. யூபியா தீவின் லெஃப்கந்தியில் 10, 9ஆம் நூற்றாண்டுச் செல்வர்களின் கல்லறைகள் தோண்டப்பட்டன. பானைகளுக்குக் குறைவில்லை, அகரவரிசை எழுத்து இல்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டு வந்ததும் அதே தீவின் எரெட்ரியாவில், அப்பல்லோ கோயில் வளாகத்தில், கீறிய சில்லுகள் வரிசையாக வருகின்றன. இத்தாலியில் ரோமுக்குக் கிழக்கே ஒஸ்தெரியா தெல்லோசாவில் ஒரு சிறு குடுவை மீது ஐந்து எழுத்துகள், கி.மு. 770ஐ ஒட்டி. முந்நூறு ஆண்டு எழுதிக்கொண்டே இருந்துவிட்டு ஒரு சில்லில்கூடச் சிக்காமல் போவது நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி நம்புவதற்குக் காரணம் வேண்டும். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பதே இன்றைக்குச் சான்றுக்கு நெருங்கிய விடை. இடத்துக்கு என் சாய்வு யூபியர்கள் பக்கம். சிரியக் கரைக்கும் இத்தாலிக்கும் படகோட்டியவர்கள் அவர்கள். இஸ்கியாவில் குடியேறியவர்களும் அவர்களே. டமாஸ்கஸ் அரசர் ஹசயேலின் பெயரை அரமேய எழுத்தில் பொறித்த வெண்கலக் குதிரைக் கண்மறைப்பு ஒன்று எரெட்ரியாவின் அப்பல்லோ கோயிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

படகு, சரக்கு, பினீசிய வணிகர் என்று சொன்னவுடன் எல்லோருக்கும் தோன்றும் முடிவு ஒன்று உண்டு: கணக்கெழுதத்தான் எழுத்தைக் கற்றார்கள். பாடநூல்கள் பலகாலம் அப்படித்தான் சொல்லின. ஆனால் கிடைத்தவற்றைப் பரப்பிவைத்துப் பாருங்கள். ஏதென்ஸின் டிப்பிலோன் வாயிலருகே 1871இல் கிடைத்த ஒயின் சாடி, கி.மு. 740ஐ ஒட்டியது: ஆடுபவர்களில் நளினமாக ஆடுபவருக்கு இது என்று ஓர் அறுசீர் அடி. அதற்குப் பிறகு வரும் எழுத்துகள் தள்ளாடிக் குழம்பிப் போகின்றன; பக்கத்திலிருந்து பழகிய வேறொரு கை என்று பலர் கருதுகிறார்கள். வடக்கே மெதோனேயில் 2003 முதல் தோண்டிய ஒரு குழியிலிருந்து கி.மு. 700ஐ ஒட்டிய, எழுத்துள்ள சில்லுகள் இருபத்தைந்து: நான் ஃபிலியோனுடையது என்கிறது ஒரு கிண்ணம், ஹகேசாந்த்ரோஸின் கிண்ணம் தன்னைத் திருடுபவருக்குச் சாபம் வேறு வைக்கிறது. ஏதென்ஸை அடுத்த ஹைமெட்டஸ் மலையுச்சியில், ஜீயஸுக்குப் படைத்த ஓட்டுச்சில்லுகளில் அரிச்சுவடியும், இதை நான் எழுதினேன் என்ற பெருமையும். எழுதத் தெரிந்ததே சாமிக்குக் காணிக்கை! இந்த முதல் நூறாண்டில் உரிமை, பாட்டு, சாபம், காணிக்கை எல்லாம் இருக்கின்றன. வணிகக் கணக்கு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. பினீசியரிடம் எண்குறிகள் இருந்தன. எழுத்துகளை வரிசை மாறாமல் வாங்கிய கிரேக்கர் அந்த எண்களை வாங்கவில்லை. கணக்கெழுதப் போனவர் எண்ணை விட்டுவிட்டு வருவாரா?

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கணக்கை யாரும் கிண்ணத்தில் எழுதமாட்டார்கள். தோலிலும் மெழுகுப்பலகையிலும் எழுதுவார்கள். அவை மக்கிப் போயிருக்கும். ஹெரடோட்டஸே, அயோனியர் ஒருகாலத்தில் ஆட்டுத்தோலில் எழுதியதால் புத்தகத்தைத் ‘தோல்’ என்றே அழைத்தார்கள் என்கிறார். எழுதும் பலகைக்குரிய கிரேக்கச் சொல் ‘டெல்டோஸ்’கூடக் கதவு என்ற பினீசியச் சொல்லின் வழியே வந்ததுதான். அப்படியானால் எழுத்தோடு எழுதும் பொருளும் வந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். மக்கிப்போனவற்றில் என்ன இருந்தது என்று நானும் சொல்ல முடியாது, மறுப்பவரும் சொல்ல முடியாது. ஆனால் மக்காமல் நின்றவற்றில் ஒன்று தெளிவு: சரக்குச் சாடிகளும் மண்தான், அவற்றில் கீறியதும் பெரும்பாலும் பெயரே. ஒரு யூபியர் பகலில் வணிகர், இரவில் விருந்தில் பாட்டுக்கட்டுபவர். இருவரையும் பிரிப்பது நம் வசதிக்காக. வணிகம் ஆட்களைக் கடல் கடத்தியது. எழுத்தைக் கைக்குக் கை கடத்தியது பெயரும் பாட்டும். உயிரெழுத்துக்கும் இங்கேதான் வேர் இருக்கிறது. தன் கணக்கைத் தானே படிப்பவருக்கு எலும்புக்கூடு போதும். எழுதியது அவர் நினைவில் இருக்கும். ‘நான் ஃபிலியோனுடையது’ என்று கிண்ணம் தானே பேச வேண்டுமென்றால், முன்பின் தெரியாத ஒருவர் அதை வாய்விட்டுப் படித்ததும் பெயர் சரியாக ஒலிக்க வேண்டும். பாட்டென்றால் நெடிலும் குறிலும் இடம் மாறாமல் வர வேண்டும்.

அப்படியானால் பாரி பவல் 1991இல் சொன்னதை ஏற்றுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஹோமரின் காவியத்தை எழுதி வைப்பதற்காகவே ஒரு தனிமனிதர் இந்த எழுத்தை உருவாக்கினார் என்பது அவர் கோட்பாடு. நூல் அழகானது, சான்று அவ்வளவு தூரம் நீளாது. இலியத்தில் 15,000 அடிகளுக்கு மேல். நம்மிடம் உள்ளது ஓரடி, ஈரடி. அவ்வளவு தோலையும் அத்தனை நாள் உழைப்பையும் கி.மு. 800இல் யார் செலவில் போட்டிருப்பார்கள்? உயிரை எழுதுவதற்குப் பாட்டே கட்டாயக் காரணம் என்பதும் சரியல்ல. ஒஃபெல்தஸின் கம்பியில் பாட்டு இல்லை, பெயர்தான். பவல் திசையைச் சரியாகக் காட்டினார், தூரத்தை மிகைப்படுத்தினார். பெரிய காவியத்தை விட்டுவிட்டு விருந்தின் ஒற்றையடியை எடுத்துக்கொண்டால் அவருடைய வாதத்தில் பாதிக்கு மேல் நிற்கும்.

அரண்மனை இல்லாத நாட்டில் பரவியதால் இந்த எழுத்துக்குக் காவலரும் இல்லை, கட்டளையும் இல்லை. ஊருக்கு ஊர் வடிவம் மாறியது. எழுதும் திசைகூட இஷ்டம்தான். ஒரு வரி வலமிருந்து, அடுத்தது இடமிருந்து, ஏர் உழுது திரும்பும் மாட்டைப் போல. பினீசியத்தில் இல்லாத ஒலிகளுக்குச் சேர்த்த எழுத்துகளிலும் ஒற்றுமை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அடால்ஃப் கிர்க்காஃப் இந்த வேறுபாடுகளை வண்ணம் தீட்டிய வரைபடமாக்கினார்: கிரீட், தேரா பக்கம் பச்சை, அயோனியா, கொரிந்து நீலம், யூபியாவும் மேற்குக் குடியேற்றங்களும் சிவப்பு. பெருக்கல் குறி போன்ற எழுத்து நீலப் பகுதியில் மூச்சுக்காற்றோடு வரும் ககரம், சிவப்புப் பகுதியில் ‘க்ஸ்’. இத்தாலியில் கற்றுக்கொடுத்தவர்கள் சிவப்புக்காரர்கள். ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தை இன்று ‘க்ஸ்’ என்று படிக்கிறோமே, அது யூபியரின் உச்சரிப்பு. ஏதென்ஸ் தன் பழைய வடிவங்களைக் கைவிட்டு அயோனிய வரிசையை அரசுமுறையாக ஏற்றது கி.மு. 403/402இல். மூன்று நூற்றாண்டுக்கு மேல் அதைப் பற்றி யாரும் அவசரப்படவில்லை.

காவலர் இல்லாத எழுத்து எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, அதனால்தான் குடியாட்சி வந்தது என்று சிலர் ஒரே தாவலில் முடிக்கிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல. எளிதில் கற்கும் எழுத்து கீழே இறங்கியது உண்மை. கி.மு. 590களில் எகிப்திய அரசர் இரண்டாம் சம்மெதிக்கஸுக்காகப் போர் செய்யப் போன கிரேக்கக் கூலிப்படையினர் அபு சிம்பெலில் ராம்செஸ் சிலையின் காலில் தங்கள் பெயரையும் ஊரையும் வெட்டிவிட்டு வந்தார்கள். அட்டிக்காவின் வாரி மலைகளில் 6ஆம் நூற்றாண்டு ஆட்டிடையர்கள் பாறையில் எழுதியவை ஏராளம். கியோஸில் கி.மு. 494ஐ ஒட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை இடிந்து, எழுத்துப் படித்துக்கொண்டிருந்த 120 சிறுவர்களில் ஒருவனே தப்பினான் என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். ஒரு தீவில் அவ்வளவு பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ். இருந்தாலும் பெயரைக் கீறத் தெரிவது வேறு, படித்தறிவது வேறு. வில்லியம் ஹாரிஸ் 1989இல் எல்லாச் சான்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பண்டைய கிரேக்க ஊர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிறுபான்மையினரே என்று முடித்தார். அவருடைய கணிப்பு கொஞ்சம் கஞ்சத்தனமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஏதென்ஸ் அக்ரோபொலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றை நினைத்தால் அந்த எண்ணம் தளர்கிறது. ஊரைவிட்டுத் தலைவர்களை அனுப்பும் வாக்கெடுப்பில், வேண்டாதவர் பெயரை ஒவ்வொரு குடிமகனும் ஓட்டுச்சில்லில் எழுதிப் போட வேண்டும். அந்தக் கிணற்றிலிருந்து தெமிஸ்டாக்ளிஸின் பெயர் எழுதிய சில்லுகள் 190 கிடைத்தன. எழுத்தை வைத்து ஆராய்ந்ததில், அத்தனையையும் எழுதியவர்கள் பதினான்கே பேர்.